பதில் வராத திரை: இணையவழிப் பயிற்றுநர் ஒருவரின் பணிச்சோர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் இடம்பெறும் பயிற்றுநர் தனியொருவர் அல்லர். இணையவழியில் பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்தும் பலரிடம் ஏறத்தாழ ஒரே வடிவில் காணப்படும் வேலைமுறையையும் அதனால் நேரும் தேய்வையும் ஒன்றுசேர்த்து அமைக்கப்பட்ட கூட்டு உருவம் அவர். ஆகவே இங்கு தரப்படும் அட்டவணையும் நேரக்கணக்கும் வழக்கமான நிலையைக் காட்டும் மாதிரிகளே. அளவெடுத்துப் பெற்ற புள்ளிவிவரங்கள் அல்ல. வெளியான ஆய்வுகளின் எண்கள் வரும் இடங்களில், அவை யாருடையவை என்பது உடன் சொல்லப்பட்டுள்ளது.

பின்னணி

பயிற்றுநர் பத்தாண்டுகளுக்கு மேலாக நேரடி வகுப்புகளை நடத்தி வந்தவர். முதன்முறையாக மேற்பார்வைப் பொறுப்பை ஏற்கும் பணியாளர்களுக்கு, வேலையைப் பகிர்ந்தளிப்பது, குறைகளை மனம் நோகாமல் எடுத்துச்சொல்வது, கருத்து வேறுபாடுகளைத் தீர்த்துவைப்பது ஆகியவற்றைக் கற்பிப்பது அவருடைய பணி. இரண்டு முழு நாள்கள் நடந்துவந்த அந்தப் பயிற்சி, இணையவழிக்கு மாற்றப்பட்டபோது மூன்று மணி நேரம் கொண்ட நான்கு அமர்வுகளாகப் பிரிக்கப்பட்டது. பாடப்பொருளில் எதுவும் குறைக்கப்படவில்லை. வகுப்பறையில் பயன்பட்ட ஸ்லைடுகளே திரைப் பகிர்வில் ஓடின. பயணமும் வெளியூர்த் தங்கலும் இல்லாமல் போனதால் நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்ட நிர்வாகம், காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என நாளுக்கு இரண்டு அமர்வுகளை வாரத்தில் நான்கு நாள்களுக்கு ஒதுக்கி, ஐந்தாம் நாளைத் தயாரிப்புக்கு விட்டது. வாரத்துக்கு 8 அமர்வுகள், 24 மணி நேரம். 40 மணி நேர வேலைவாரத்தில் இது தாராளமான ஏற்பாடாகவே எல்லோருக்கும் தோன்றியது. பயிற்றுநருக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதலில் தென்பட்டவை உடல் சார்ந்த அறிகுறிகள். பிற்பகல் அமர்வு முடியும் வேளையில் குரல் கம்மிவிடும். மாலையில் வீட்டில் உள்ளவர்களுடன் பேசுவதற்கே மனம் வராது. வார விடுமுறையின் முதல் நாள் தூக்கத்திலேயே கழியும். அடுத்து நடத்தை மாறியது. பங்கேற்பாளர்களைப் பெயர் சொல்லி அழைப்பதைப் பெருமையாகக் கருதி வந்தவர், பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார். பின்னூட்டப் படிவங்களைத் திறப்பதை நாள்கணக்கில் தள்ளிப்போட்டார். திறந்தபோதும் பாராட்டுகளை உபசாரம் என்றும் குறைகளை மட்டுமே உண்மை என்றும் எடுத்துக்கொண்டார். கடைசியாக, தான் நடத்தினாலும் பழைய பதிவு ஒன்றை ஓட்டிக் காட்டினாலும் வித்தியாசம் எதுவும் இராது என்று சக பயிற்றுநர்களிடம் சொல்லத் தொடங்கினார். இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு மே மாதம், நோய்களுக்கான தனது சர்வதேச வகைப்பாட்டின் பதினொன்றாம் திருத்தத்தில் பணிச்சோர்வை நோய் என்று குறிக்காமல், பணி சார்ந்த நிலை என்று வரையறுத்தது. அந்தத் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. சரிவரக் கையாளப்படாமல் நாள்பட்டுப்போன பணியிட அழுத்தத்தால் விளைவது என்று கூறும் அந்த வரையறை, ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது வேலையைப் பற்றிக் கசப்பும் ஏளனமும் வளர்தல், வேலைத்திறன் குறைந்துவிட்டதாக உணர்தல் என மூன்று கூறுகளைச் சொல்கிறது. கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்ட அளவுகோலும் ஏறக்குறைய இதே மூன்றையே அளந்தது. இந்தப் பயிற்றுநரிடம் மூன்றும் மேலே சொன்ன வரிசையிலேயே வந்தன. வேலையில்லாத நாள்களில் தமக்குப் பிடித்தவற்றில் அவர் பழையபடி ஈடுபட முடிந்தது என்பதால், வாழ்க்கை முழுவதையும் மூடும் மனச்சோர்வு நோயாக இது தெரியவில்லை; ஆயினும் அந்த வேறுபாட்டை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர்தான். குரல் கம்மலும் அப்படியே. அது நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பேச்சுத் தொழிலின் விளைவு என்று தாமே முடிவுசெய்துகொண்டு விட்டுவிடாமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டிவிடுவது நல்லது.

பதிவுகளில் தெரியவந்தது

நிர்வாகம் இதைத் திரைநேரத்தின் விளைவு என்று விளக்கியது. பயிற்றுநரோ, இணையவழி தமக்கு ஒத்துவரவில்லை, இளையவர்களுக்கு இது எளிதாக இருக்கலாம் என்று தம்மையே காரணமாக்கிக்கொண்டார். இரண்டு விளக்கங்களும் அமர்வுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பாராமல் சொல்லப்பட்டவை. சக பயிற்றுநர் ஒருவர் இரண்டு அமர்வுகளின் பதிவுகளை முழுவதும் பார்த்து, யார் எப்போது பேசுகிறார் என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

பதிவுகளில் பயிற்றுநரின் குரல் மட்டுமே ஏறக்குறைய இடைவிடாமல் கேட்டது. அவர் கேள்விகள் கேட்காமல் இல்லை, நிறையவே கேட்டார். ஆனால் கேட்ட ஓரிரு நொடிக்குள் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்டார், பிறகு ஒரு குறிப்புக் கொடுத்தார், பிறகு தாமே பதில் சொல்லி, அதற்குத் தாமே ஒரு நகைச்சுவையும் சேர்த்து, அடுத்த ஸ்லைடுக்குப் போனார். இரண்டாம் மணி நேரத்தில் குரல் உயர்ந்தது, பேச்சு வேகமெடுத்தது, சிரிப்பு கூடியது. அணைந்த கேமராக்களும் மியூட் செய்யப்பட்ட மைக்குகளும் நிரம்பிய திரையிலிருந்து எதுவும் திரும்பி வராதபோது, வர வேண்டிய ஊக்கத்தையும் அவரே உண்டாக்கிக்கொண்டிருந்தார். இந்த ஆய்வின் மையக் கருத்து இதுவே: இணையவழி அமர்வில் பயிற்றுநரைத் தேய்த்தது பேச்சின் அளவோ திரையின் ஒளியோ மட்டும் அல்ல, பதில் கிடைக்காத இடத்தில் இரண்டு தரப்பின் உழைப்பையும் ஒருவரே சுமந்ததுதான் பெரும்பங்கு.

நேரடி வகுப்பில் பதில் என்பது வாயால் சொல்லப்படுவது மட்டும் அன்று. ஒருவர் தலையசைக்கிறார், ஒருவர் குறிப்பெடுக்கிறார், இன்னொருவர் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து ஏதோ கேட்கிறார். பாடம் போய்ச் சேர்கிறதா இல்லையா என்பதைப் பயிற்றுநர் பேசிக்கொண்டிருக்கும்போதே அறிந்துகொள்கிறார். திரையில் இவை பெரும்பாலும் மறைந்துபோவதோடு, எஞ்சியிருப்பவையும் தாமதமாக வருகின்றன. மனிதர்கள் உரையாடும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்குள் உள்ள இடைவெளி மிகக் குறுகியது; பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் தான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, அது சராசரியாக ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியே இருப்பதைக் காட்டியது. ஜூம் வழி உரையாடலில் இந்த இடைவெளி நேரில் இருப்பதைவிடப் பலமடங்கு நீள்கிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜூலி போலண்டும் உடனாய்வாளர்களும் அளந்து சொன்னார்கள். நீளும் இடைவெளியைக் கேட்பவர் இணைப்பின் குறையாக எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் சிக்கல். 2014இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், தொலைபேசி இணைப்பில் ஒரு நொடியை ஒட்டிய தாமதம் சேர்க்கப்பட்டபோது, மறுமுனையில் இருந்தவர் கவனமற்றவராக மதிப்பிடப்பட்டார். இருபது பேரின் மௌனத்தை மாதக்கணக்கில் அக்கறையின்மையாக வாசித்துவந்த பயிற்றுநருக்குக் கசப்பு ஏறியதில் வியப்பில்லை. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருப்பவர், சத்தம் கேட்கவில்லை என்றால் கிணற்றில் தண்ணீரே இல்லை என்றுதான் நினைப்பார்.

இந்த உழைப்பில் முகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வேலையின் பொருட்டு உணர்ச்சியைக் காட்டுவதும் அடக்குவதும் ஓர் உழைப்பே என்பதை ஆர்லி ஹாக்ஷீல்டு 1983இல் விமானப் பணிப்பெண்களை முன்வைத்து விரிவாக எழுதினார். உள்ளே இல்லாத உற்சாகத்தை வெளியே காட்டுவது, உண்மையாக எழும் உற்சாகத்தைக் காட்டுவதைவிட அதிகம் தேய்க்கும். இணையவழிப் பயிற்றுநர் அந்த முகத்தை ஒரு கண்ணாடியின் முன் அமர்ந்து காட்ட வேண்டியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021இல் காணொளிச் சந்திப்புகளின் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: மிக நெருக்கத்தில் இடைவிடாத பார்வைகளை எதிர்கொள்வது, தன் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, கேமராவின் சட்டத்துக்குள் உடல் அசையாமல் கட்டுண்டிருப்பது, சைகைகளை அனுப்புவதற்கும் புரிந்துகொள்வதற்கும் கூடுதல் சிந்தனை செலவாவது. பங்கேற்பாளருக்கு இவை விட்டுவிட்டு நேர்கின்றன. பயிற்றுநரால் மூன்று மணி நேரமும் எழுந்து நகரவே முடிவதில்லை.

குரல் கம்மலுக்குக் காரணம் எளிதாகவே கிடைத்தது. காதை முழுதும் மூடும் ஹெட்செட் அணிந்திருந்ததால் பயிற்றுநர் தம் குரலைத் தாமே சரியாகக் கேட்க முடியாமல், தம்மை அறியாமலேயே உரக்கப் பேசிவந்தார். தன் குரல் தனக்கு எட்டாதபோது மனிதர் குரலை உயர்த்துவார் என்பது 1911இல் எத்தியேன் லோம்பார் பதிவுசெய்த பழைய உண்மை. ஒரு காதைத் திறந்துவிட்டதிலும், மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவந்ததிலும் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கணக்கில் வராத வேலை

இரண்டு வாரங்களுக்குப் பயிற்றுநர் தம் வேலை முழுவதையும் அரைமணி நேர அளவில் குறித்துவைத்தார். அமர்வு தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே உள்ளே நுழைந்து ஒலியையும் கோப்புகளையும் சரிபார்த்து, காத்திருப்பு அறையிலிருந்து ஒவ்வொருவராக அனுமதிப்பது. முடிந்த பிறகு தயங்கி நிற்கும் சிலருடன் அரைமணி நேரம் பேசுவது. அந்தந்தக் குழுவுக்கு ஏற்ப எடுத்துக்காட்டுகளை மாற்றியமைக்க ஒரு மணி நேரம். வருகைப் பதிவு, பதிவின் இணைப்பை அனுப்புவது, இணைப்பு திறக்கவில்லை என்பவர்களுக்குப் பதில் எழுதுவது, மேலாளர்களுக்கு அறிக்கை ஆகியவற்றுக்கு இன்னொரு மணி நேரம். ஆக, மூன்று மணி நேர அமர்வு ஒவ்வொன்றையும் சுற்றி மேலும் மூன்று மணி நேரம் சேர்ந்திருந்தது. 24 மணி நேரமாகத் தோன்றிய வாரம் உண்மையில் 48 மணி நேரம். குழுக் கூட்டங்கள் இதில் சேரவில்லை. ஐந்தாம் நாள் தயாரிப்புக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்ததும், முந்தைய நான்கு நாள்களின் மிச்சவேலையிலேயே கரைந்தது.

நேரடி வகுப்பில் இந்தச் சுற்றுவேலைகளில் பாதியை அலுவலக உதவியாளரோ அரங்கப் பொறுப்பாளரோ கவனித்துக்கொள்வார். இணையவழியில் அந்த ஆள்கள் ஓசையின்றி நீக்கப்பட்டு, அவர்களுடைய வேலை பயிற்றுநரின் மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. திட்டமிட்டுச் செய்திருந்தால் யாராவது ஒருவர் எதிர்த்துக் கேள்வி கேட்டிருப்பார்.

அமர்வின் நடுவிலும் இதேபோல் ஒரு வேலைக்குவியல் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே உரையாடல் பெட்டியில் வரும் கேள்வியை வாசிப்பது, கை உயர்த்தியவரைக் கவனிப்பது, இணைப்பு அறுந்து மீண்டும் வருபவரை உள்ளே விடுவது, மைக்கைத் திறந்துவிட்டு மறந்தவரை மியூட் செய்வது என ஒவ்வொன்றும் சில நொடிகளே பிடிக்கும். ஆனால் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை ஸோஃபி லெராய் 2009இல் எழுதிய ஆய்வு காட்டுகிறது. மூன்று மணி நேரம் இப்படித் தாவிக்கொண்டே இருந்தவருக்கு, முடிவில் தாம் என்ன பேசினோம் என்பதே சரியாக நினைவில் இருப்பதில்லை என்றால் அதில் வயதுக்குத் தொடர்பில்லை.

முதலில் செய்தவை

நிர்வாகம் முதலில் கொடுத்தது ஒரு வார விடுப்பு. விடுப்பு நன்றாகவே இருந்தது. திரும்பி வந்த இரண்டாம் வாரத்தில் எல்லாம் பழையபடி ஆனது. விடுமுறையால் கிடைக்கும் நலன் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களுக்குள் மறைந்துவிடுகிறது என்பது யெசிகா டி ப்ளூம் குழுவினர் 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டதே. அதன் பிறகு மூச்சுப்பயிற்சிக்கான ஒரு செயலியும், மனவுறுதியை வளர்ப்பது பற்றிய ஓர் இணையவழி அமர்வும் பரிந்துரைக்கப்பட்டன. இணையவழி அமர்வுகளால் சோர்ந்தவரை இன்னோர் இணையவழி அமர்வில் உட்காரவைப்பதில் உள்ள முரண் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

இவற்றைப் பயனற்றவை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் இவை அனைத்தும், வேலை இருந்தபடியே இருக்கட்டும், ஆள் தாங்கும் அளவு கூடட்டும் என்ற ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. சக பயிற்றுநர் குறித்துவைத்த தாளும் இரண்டு வார நேரக்கணக்கும் மேசைக்கு வந்த பிறகுதான் வேலையைத் திருத்துவது பற்றிய பேச்சே தொடங்கியது.

திருத்தியமைத்தவை

முதல் மாற்றம் மௌனத்தைக் கையாள்வதில் செய்யப்பட்டது. பார்வைக்குச் சிறியதான இதுவே அதிகப் பலனைத் தந்தது. அமெரிக்க அறிவியல் வகுப்புகளை 1970களில் ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பொதுவாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் ஆழமாகவும் ஆகின்றன என்றும் கண்டார். திரையில் மூன்று நொடி போதாது. கேள்வியைக் கேட்டு, யோசித்து, மியூட் பொத்தானைத் தேடி, வேறு யாராவது பேசத் தொடங்குகிறார்களா என்று தயங்கி, அதன் பிறகே ஒருவர் வாய் திறக்கிறார். பயிற்றுநர் கேள்வியைக் கேட்டதும் தண்ணீர்க் குவளையை எடுத்து நிதானமாக இரண்டு மிடறு குடிப்பது என்ற பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். கையும் வாயும் வேலையாக இருப்பதால் இடைமறித்துப் பேச முடியாது, தொண்டைக்கும் ஓய்வு. பேசுவது ஒருவர் மட்டும் ஆகிவிடாதபடி, சில கேள்விகளுக்கு எல்லோரும் பதிலை உரையாடல் பெட்டியில் தட்டச்சு செய்துவைத்து, அவர் சொன்னதும் ஒரே நேரத்தில் அனுப்புவது என்ற முறையும் வந்தது. முந்தியவரின் பதிலைப் பார்த்து எழுதும் வழக்கம் அதனால் குறைந்தது. இருபது பேரின் சிந்தனையும் ஒரே மூச்சில் திரையில் இறங்குவதைப் பார்த்த பயிற்றுநருக்கு, மறுபுறத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை வந்தது.

பங்கேற்பாளர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனியே பேசவிடும் சிறுகுழு அறைகளின் பயன்பாடும் மாறியது. முன்பு பங்கேற்பாளர்களை அறைகளுக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வோர் அறையாக நுழைந்து எட்டிப்பார்ப்பதிலேயே அந்த நேரம் போய்விடும். அவர் நுழைந்ததும் உரையாடல் நின்றுவிடும் என்பது வேறு. இப்போது மூவர் கொண்ட குழுக்கள், செய்ய வேண்டியதை எழுத்தில் சொல்லும் ஒரு பொது ஆவணம், அதில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பக்கம். எழுத்து நகர்வதைப் பார்த்தே எந்தக் குழு முன்னேறுகிறது, எது திணறுகிறது என்பது தெரிந்துவிடும். திணறும் குழுவுக்கு மட்டும் அவர் போகிறார். மற்ற நேரத்தில் கேமராவை அணைத்துவிட்டு எழுந்து நடக்கிறார், கண்ணைத் தொலைவில் உள்ள ஏதாவதொன்றில் பதிக்கிறார். இந்த நிமிடங்களில் மின்னஞ்சலைத் திறப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டதும் முக்கியமானது. திறந்த நாள்களில் ஓய்வு, ஓய்வாக இருந்ததில்லை.

கேமரா பற்றி நீண்ட விவாதம் நடந்தது. எல்லோரும் கேமராவைத் திறந்துவைக்க வேண்டும் என்று விதித்துவிட்டால் பயிற்றுநருக்கு முகங்கள் கிடைக்கும், சிக்கல் தீரும் என்பது ஒரு தரப்பு. கிறிஸ்டன் ஷாக்லி தலைமையில் 103 பணியாளர்களிடம் நான்கு வாரங்கள் நடத்தி 2021இல் வெளியான கள ஆய்வில், கேமராவைத் திறந்துவைத்திருந்த நாள்களில் களைப்பு கூடியதும், பெண்களிடமும் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் அது மேலும் அதிகமாக இருந்ததும், களைத்தவர்கள் கூட்டங்களில் பேசுவது குறைந்ததும் தெரியவந்தன. பயிற்றுநரின் களைப்பைப் பங்கேற்பாளர்களின் தலையில் மாற்றிவைத்தால் கிடைப்பது களைத்த முகங்கள்தாம். அமர்வின் தொடக்கத்திலும் சிறுகுழு அறைகளிலும் கேமரா திறந்திருக்கட்டும், மற்ற நேரத்தில் அவரவர் விருப்பம் என்று முடிவானது. பயிற்றுநர் தம் பங்குக்குத் தம் முகம் தமக்குத் தெரியாதபடி மறைத்துக்கொண்டார். தனி விசைப்பலகை ஒன்றை இணைத்து, திரையிலிருந்து ஒரு கை தூரம் பின்னால் நகர்ந்து அமர்ந்தார்.

மிகுந்த எதிர்ப்பைச் சந்தித்தது உடன்நடத்துநர் என்ற ஏற்பாடு. உரையாடல் பெட்டி, காத்திருப்பு அறை, சிறுகுழு அறைகள், வருகைப் பதிவு, அமர்வுக்குப் பின் போக வேண்டிய செய்திகள் ஆகியவற்றை இன்னொருவர் பார்த்துக்கொண்டால், பயிற்றுநர் பாடத்தையும் மனிதர்களையும் மட்டும் கவனித்தால் போதும். ஒரு வேலைக்கு இரண்டு சம்பளமா என்பது நிர்வாகத்தின் கேள்வி. அது நியாயமற்ற கேள்வி அன்று. புதிதாக ஆள் எடுக்காமல், இரண்டு பயிற்றுநர்கள் ஒருவர் அமர்வில் மற்றவர் உடன்நடத்துநராக மாறிமாறி இருப்பது என்று ஏற்பாடாயிற்று. இதற்கும் விலை உண்டு: மற்றவரின் அமர்வில் செலவாகும் நேரமும் வேலைநேரமே. அதை மறைத்து, சும்மா உடன் இருப்பதுதானே என்று கணக்கில் விட்டிருந்தால் பழைய கதை வேறு பெயரில் தொடங்கியிருக்கும்.

ஆகவே அட்டவணை முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. அமர்வு இரண்டு மணி நேரமானது. மூன்று மணி நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்க மட்டுமே வேண்டிய பகுதிகள் எழுத்துப் பாடமாகவும் சிறு பதிவுகளாகவும் மாறி முன்கூட்டியே அனுப்பப்பட்டன. பயிற்றுநர் முன்னின்று நடத்தும் அமர்வு நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு 5. அமர்வுகள் 10 மணி நேரம். உடன்நடத்துநர் பகிர்ந்துகொண்டதால் சுற்றுவேலை அமர்வுக்கு இரண்டு மணி நேரமாகக் குறைந்து 10 மணி நேரம். மற்றவரின் அமர்வுகளில் உடனிருப்பது இரண்டரை மணி நேரம் வீதம் 12.5 மணி நேரம். மொத்தம் 32.5 மணி நேரம். எஞ்சும் 7.5 மணி நேரம் குழுக் கூட்டங்களுக்கும் பாடத்தைப் புதுப்பிப்பதற்கும்.

8 அமர்வுகள் 5 ஆனதால் பயிற்சி பெறுவோரின் எண்ணிக்கை குறைந்தது. ஒரு குழுவில் 20 பேருக்குப் பதில் 40 பேரைச் சேர்த்துவிடலாம் என்று நிர்வாகம் சொன்னது. நாற்பது பேரில் பெரும்பாலோர் மௌனப் பார்வையாளர்களாகிவிடுவார்கள், சிக்கல் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும் என்று பயிற்றுநர்கள் வாதிட்டு, குழுவுக்கு 24 பேர் என்பதில் நின்றார்கள். அப்படியும் முன்பு வாரத்துக்குச் சராசரியாக 40 பேர் முடித்த பயிற்சியை இப்போது 30 பேர் முடிக்கிறார்கள். இந்த இழப்பை மழுப்பாமல் எழுத்தில் ஒப்புக்கொண்டதே, ஏற்பாடு முதல் நெருக்கடியில் கலைந்துபோகாமல் நின்றதற்குக் காரணம்.

இடைவேளை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2021இல் 14 பேரின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, சந்திப்புகள் அடுத்தடுத்து நடந்த நாளில் அழுத்தத்தைக் காட்டும் அலைகள் படிப்படியாக ஏறியதும், இடையே பத்து நிமிட ஓய்வு கிடைத்த நாளில் அவை ஏறாமல் நின்றதும் தெரிந்தது. பதினான்கு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்து விதி வகுக்க முடியாது. ஆனாலும் இந்த நிகழ்வில், பத்து நிமிட இடைவேளை என்று அறிவித்துவிட்டுச் சந்தேகம் கேட்பவர்களுடன் அந்தப் பத்து நிமிடமும் பேசிக்கொண்டிருந்த பயிற்றுநருக்கு இடைவேளையே இருந்ததில்லை. இப்போது இடைவேளையில் அறையில் இருப்பவர் உடன்நடத்துநர். பயிற்றுநர் நாற்காலியில் இருப்பதில்லை.

ஒரு காலாண்டுக்குப் பின்

குரலும் தூக்கமும் முதலில் சீரடைந்தன. மாலை நேரம் மீண்டும் அவருடையதானது. அமர்வின் நடுவே ஒருவர் சொன்ன எடுத்துக்காட்டை அடுத்த அமர்வில் பெயரோடு நினைவுகூரும் பழைய வழக்கம் திரும்பியது. அவரைக் கவனித்துவந்த சக பயிற்றுநருக்கு இதுவே நம்பத்தக்க அறிகுறியாகத் தெரிந்தது. கசப்பு மட்டும் எளிதில் போகவில்லை. பதில்கள் வரத் தொடங்கிய பிறகும், அவை உபசாரத்துக்கு வருபவை என்ற ஐயம் சில மாதங்கள் நீடித்தது. வந்த வரிசையிலேயே அறிகுறிகள் விலகின என்று இதை வாசிக்கலாம். எல்லோருக்கும் அப்படித்தான் நிகழும் என்று சொல்ல ஒரு நிகழ்வு போதாது.

பின்னூட்டப் படிவங்களை அமர்வு முடிந்த இரவிலேயே வாசிப்பதை அவர் நிறுத்திக்கொண்டார். உடன்நடத்துநர் அவற்றைத் தொகுத்து, திருத்தக்கூடிய குறைகளை மட்டும் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துவைக்கிறார். இருவரும் சேர்ந்து பார்க்கிறார்கள். வேலை முடிந்தபின் மனம் வேலையிலிருந்து விடுபடுவதே மீட்சியின் முதற்கூறு என்று சபீன் ஸோனன்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் ஆகியோர் 2007இல் முன்வைத்த வகைப்பாடு சொல்கிறது. தாம் பேசியதைப் பற்றி அறிமுகமற்ற இருபது பேர் எழுதியதைப் படுக்கப்போகும் முன் படித்துவிட்டு அந்த விடுதலையை எதிர்பார்க்க முடியாது.

தீராதவை

இந்தப் பயிற்றுநர் மாதச் சம்பளக்காரர். மணிக்கணக்கு அவர் பக்கம் நின்றது. அமர்வுக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் தனிப் பயிற்றுநருக்கு, அமர்வைக் குறைப்பது வருமானத்தைக் குறைப்பதாகும். அவர்கள் செய்யக்கூடியது, அமர்வு மணி நேரத்துக்கு மட்டும் விலை சொல்லாமல், குழுவுக்கேற்ற திருத்தம், தொழில்நுட்பச் சரிபார்ப்பு, பின்தொடர் செய்திகள், அறிக்கை ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக ஒப்பந்தத்தில் எழுதி, வேண்டாதவற்றை நீக்கிக்கொள்ளும்படி கேட்பவரிடம் விடுவது. நீக்கப்பட்ட வேலையைப் பிறகு நட்புக்காகச் செய்து கொடுக்காமல் இருப்பது அதைவிடக் கடினம். உடன்நடத்துநருக்குத் தனிக் கட்டணம் கேட்டால் வாய்ப்பே போய்விடும் என்ற அச்சம் உள்ளவர்கள், உரையாடல் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, பயிற்சியைக் கேட்கும் நிறுவனத்தின் ஆள் ஒருவருக்குக் கொடுக்கும்படி நிபந்தனை வைப்பதுண்டு. பாதிச் சுமை அதனால் இறங்குகிறது.

நிறுவனத்துக்குள்ளும் ஒரு கேள்வி திறந்தே இருக்கிறது. இருவர் மாறிமாறி நடத்தும் ஏற்பாட்டில் ஒருவர் நோயுற்றால் மற்றவர் தனியாகிவிடுகிறார். அன்றைய அமர்வைத் தள்ளிவைப்பதா, அல்லது சிறுகுழு அறைகளைத் தவிர்த்து ஒரு மணி நேரமாகச் சுருக்கி ஒருவரே நடத்துவதா என்பது முன்கூட்டியே எழுதிவைக்கப்படவில்லை. பயிற்றுநர்கள் இரண்டாவதை ஏற்கத் தயார். முழு இரண்டு மணி நேரத்தையும் தனியே நடத்துவதை ஏற்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த காலாண்டின் அட்டவணை வெளியாகும் முன் நிர்வாகம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.